கம்பளி அடித்த பெண்களின் பாட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுப் பெண்கள் கம்பளித் துணியை அடிக்கும்போது பாடிய கேலிக் மொழிப் பாடல்களைச் சில நாட்களாகக் கேட்டு வருகிறேன். உழைப்பாளிகளின் பாடல்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் பொருள் தேடிப் படித்தால் கடலில் மூழ்கிய காதலன், குலத்தலைவனின் வீரம், கைவிடப்பட்ட பெண் என்றே வருகிறது. துணியும் இல்லை, கைவலியும் இல்லை. உழைத்தவர்கள் தங்கள் வேலையைப் பாடவே இல்லையா?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் சொற்களில் தேடியிருக்கிறீர்கள். அந்தப் பாடல்களில் வேலை தாளத்தில் இருக்கிறது.

தறியிலிருந்து இறங்கிய கம்பளி நெகிழ்வாக, எண்ணெய்ப் பிசுக்குடன் இருக்கும். அதை நாள்பட்ட சிறுநீரில் ஊறவைப்பார்கள். பிசுக்கு போகும், சாயமும் நிற்கும். பிறகு நீண்ட பலகையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, ஈரத்துணியை அறைந்து அறைந்து பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளுவார்கள். சூரியன் போகும் திசையில்தான் துணி சுற்றி வரவேண்டும். இழைகள் இறுகி, அகலம் சுருங்கி, குளிர்காற்று புகாத கெட்டித் துணியாகும்வரை இது நடக்கும். ஒருத்தி ஓர் அடியைப் பாட, மற்றவர்கள் பின்பாட்டை எடுப்பார்கள். பின்பாட்டில் பெரும்பாலும் பொருளில்லாத ஓசைகள்தான். அது ஒலிக்கும் நேரத்தில் அவள் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், அடுத்த அடியை நினைத்துக்கொள்ளலாம். துணியின் அகலத்தை விரலால் அளந்து பார்த்து, இன்னும் இத்தனை பாட்டு வேண்டும் என்று கணக்குச் சொல்வார்களாம். ஒரு பாட்டை அதே துணிக்கு இரண்டாம் முறை பாடக்கூடாது என்ற நம்பிக்கையும் இருந்தது. அப்படியானால் எத்தனை பாட்டு தேவைப்பட்டிருக்கும்! 16, 17ஆம் நூற்றாண்டுப் பெண்கள் கட்டிய புலம்பல்கள்கூட இந்தப் பலகையைச் சுற்றித்தான் உயிரோடு இருந்தன. நீங்கள் படித்த மூழ்கிய காதலன் அப்படி வந்து சேர்ந்தவன். துணி முடியும் நேரத்தில் ஊர்ப் பையன்களின் பெயரோடு பெண்களின் பெயரைச் சேர்த்துக் கேலிப் பாட்டும் பாடுவார்கள்.

சரி, வேலையைச் சொல்லிலேயே பாடியவர்கள்? அவர்களும் இருக்கிறார்கள். அதற்கு நீங்கள் ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதிக்கு, அபர்டீன்ஷயர் பக்கம் போகவேண்டும். அங்கே 19ஆம் நூற்றாண்டில் மணமாகாத உழவர்கள் ஆறு மாத ஒப்பந்தத்தில் பண்ணைகளில் வேலை செய்தார்கள். ஆள் எடுக்கும் சந்தையில் பண்ணைக்காரர் கூலி பேசி ஒரு நாணயத்தை அச்சாரமாகக் கையில் வைத்தால், அடுத்த ஆறு மாதமும் அவருக்கே கட்டுப்பட்டாயிற்று. சாப்பாடு எப்படி, குதிரைகள் எப்படி என்பதெல்லாம் போன பிறகுதான் தெரியும். டரிஃப் சந்தையில் டெல்கட்டி பண்ணைக்காரரிடம் சேர்ந்தவனின் பாட்டு ஒன்று உண்டு. சுற்றுவட்டாரத்திலேயே சிறந்த குதிரை ஜோடியைத் தருவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் எலும்பும் தோலும். ட்ரம்டெல்கி பண்ணைப் பாட்டு இன்னும் நேரடியானது. காலை ஐந்து மணிக்கு எழுந்து குதிரைக்குத் தீனி வைக்கவேண்டும், ஆறு மணிக்குக் கதிரடிக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கும், சட்டையைப் பிழியலாம் போல வியர்க்கும். நீங்கள் தேடிய கைவலி இதோ இருக்கிறது.

எனக்கு இந்தப் பாடல்களில் மிகவும் பிடித்தது, பண்ணையின் பெயரை மறைக்காமல் பாடிய துணிச்சல். எழுதிப் புகார் கொடுக்க வழியில்லாத ஆட்கள் அடுத்த சந்தைக்கு வருபவனை எச்சரிக்கக் கையில் வைத்திருந்தது அந்த மெட்டுதான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேவின் கிரெய்க் என்ற பள்ளி ஆசிரியரும் ஜேம்ஸ் டங்கன் என்ற பாதிரியாரும் அந்த வட்டாரத்தில் 3,000க்கும் மேற்பட்ட பாடல்களைச் சேகரித்தார்கள். கிரெய்க் உள்ளூர் செய்தித்தாளில் வாராவாரம் எழுத, வாசகர்கள் தங்களுக்குத் தெரிந்த பாட்டை அனுப்பினார்கள். முழுத் தொகுப்பும் எட்டு பாகங்களாக 1981இலிருந்து 2002 வரை வெளிவந்தது. சேகரித்த இருவரும் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்கள்.

எடின்பரோவில் 1951இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளியின் ஒலிப்பதிவுகள் நிறைய இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மேடைக்காக மெருகேற்றிய வடிவங்களைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு அங்கே ஒரு கம்பளிப் பாட்டைத் தேடி எடுங்கள். பொருளைப் பார்க்காமல், மேசையைக் கையால் தட்டிக்கொண்டே கடைசிவரை கேளுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.