யாளிக்குத் தீனி எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் எழுதும் தொடர்கதையில் பத்து யாளிகள் ஒரே கூட்டமாக மலைக்காட்டில் வாழ்கின்றன. கோயில் தூணில் இருப்பதுபோல சிங்க உடம்பு, யானை உயரம். யானையைத்தான் அடித்துத் தின்னும். நம்பும்படி இருக்குமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உயரத்தைக் குறைத்தால் இருக்கும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஆண் சிங்கம் ஏறக்குறைய 200 கிலோ, தோள் உயரம் 1.2 மீட்டர். அதை 3 மீட்டர் ஆக்கினால் இரண்டரை மடங்கு. நீளமும் அகலமும் கூடவே வளருமே. அதனால் எடை 2.5 × 2.5 × 2.5, கிட்டத்தட்ட 16 மடங்காகி 3,200 கிலோவைத் தொடும். கால் எலும்பின் குறுக்குப் பரப்போ ஆறு மடங்குதான் கூடும். யானை தூண்மாதிரி நேர்க்காலில் நிற்பதும், அதனால் குதிக்க முடியாததும் இந்தப் பாரத்தால்தான். மடங்கிய சிங்கக் காலோடு உங்கள் யாளி பாய்ந்து இறங்கினால் முன்னங்கால் எலும்பு தாங்காது.

அதைவிடப் பெரிய சிக்கல் வயிறு. எடை 16 மடங்கானால் தீனி 8 மடங்கு ஆகும். சிங்கத்துக்கு நாளொன்றுக்கு 6 கிலோ கறி என்றால் யாளிக்கு 48 கிலோ; வருடத்துக்கு 17 டன்னுக்கு மேல். 3 டன் யானையில் தின்னத் தேறுவது 1,800 கிலோ என்று வைத்தாலும் வருடத்துக்குப் பத்து யானை வேண்டும். யானையின் சினைக்காலம் 22 மாதம், அடுத்த கன்றுக்கு நாலைந்து வருடம். நூறு யானை இருக்கும் காட்டில் நல்ல காலத்திலேயே வருடத்துக்கு ஆறேழுதான் கூடும். ஆக ஒரே ஒரு யாளிக்கு 150 யானை, பத்துக்கு 1,500! எண்ணிக்கை இதற்குக் குறைந்தால் யாளிகள் முதலில் யானைகளைத் தீர்த்துவிட்டுப் பிறகு தாங்களும் பட்டினியில் சாகும்.

தோள் உயரத்தை 1.8 மீட்டரில் நிறுத்துங்கள். எடை 700 கிலோ வரும். பெரிய ஆண் பனிக்கரடி அவ்வளவு இருக்கும். நாளைக்கு 15 கிலோ போதும். எட்டு நாளைக்கு ஒரு கடமான் அடித்தால் பிழைத்துக்கொள்ளும், எப்போதாவது யானைக்கன்றையும் தூக்கலாம். கூட்டம் மட்டும் வேண்டாம். புலியைப்போல ஆளுக்கொரு பள்ளத்தாக்கு, தாயோடு குட்டிகள் என்று பிரித்துவிடுங்கள்.

கேள்வி: தும்பிக்கை, தந்தம், கோரைப்பல் மூன்றையும் ஒரே யாளிக்கு வைக்கலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: கல்லில் வைக்கலாம், உயிரில் இடம் போதாது. தந்தம் என்பது நீண்டு வளர்ந்த மேல்வெட்டுப்பல். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கும். சிங்கத்தின் கோரைப்பல் வேரும் மேல்தாடையில் அதை ஒட்டிய இடத்தைத்தான் கேட்கும். யானைக்குக் கோரைப்பல்லே கிடையாது. இரண்டில் ஒன்றை விடுங்கள். வேட்டையாடும் விலங்கென்றால் தந்தத்தை.

தும்பிக்கையிலும் கவனம் தேவை. சிங்கம் இரையின் குரல்வளையைப் பல நிமிடம் கவ்விக்கொண்டே நிற்கும். அப்போது அதன் மூக்கு தடையில்லாமல் மூச்சுவிட வேண்டும். நீளத் தும்பிக்கை தொங்கினால் இரையின் காலடியில் மிதிபடும், தன் பல்லிலேயே சிக்கும். ஒரு சாண் நீளத்துக்குள், மேலே சுருட்டக்கூடியதாக வையுங்கள்.

வாயை வரையப் போகிறீர்கள் என்றால், கல்லுருண்டை வைத்த யாளி இருக்கும் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். உருண்டையை விரலால் உருட்டலாம், பல்வரிசை மறிப்பதால் வெளியே எடுக்க முடியாது. அதே கல்லில் உள்ளேயே குடைந்து செதுக்கியது. தாடை எவ்வளவு திறந்திருக்கிறது, உள்ளே எவ்வளவு ஆழம் என்பது அதில் துல்லியமாகத் தெரியும். பின்பற்களை மட்டும் யானையின் அரைக்கும் பல்லாகப் போட்டுவிடாதீர்கள்; கறி வெட்டக் கத்தரிபோல உரசும் பல் வேண்டும்.

கேள்வி: பொருநராற்றுப்படையில் பால்குடி மறக்காத யாளிக்குட்டி தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொல்கிறதே, இது நடக்குமா?
– வாசகர், திருச்சி

பதில்: அது இளம் கரிகாலனின் வீரத்துக்குச் சொன்ன உவமை, அழகான உவமை. சிங்கக்குட்டி ஆறேழு மாதத்தில் பாலை மறக்கும். தானே வேட்டையாட இரண்டு வயதாகும். உங்கள் கதையில் யாளிக்குட்டியின் முதல் வேட்டையை மூன்றாம் வயதில் வையுங்கள், இரையாக ஒரு கடமான் குட்டி போதும்.