ராத்திரி ஒருவன், வகுப்பில் வேறொருவன்

மேடம், வணக்கம்.

நான் தென்மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் ப்ளஸ் டூ படிக்கிறேன். பயாலஜி குரூப், ஆண்கள் பள்ளி. வயது 17. பெயர் வேண்டாம்.

என் வகுப்பில் ஒருவன் இருக்கிறான். ப்ளஸ் ஒன்னில் சார் இடம் மாற்றி உட்கார வைத்தபோது என் பக்கத்தில் வந்தவன். எனக்குப் படம் வரைய வராது. பிசிக்ஸ் ரெக்கார்டுக்கு அவன்தான் எல்லாம் வரைந்து தருவான். அவனுக்கு கெமிஸ்ட்ரி ஏறாது, நான் சொல்லித் தருவேன். டியூஷன் முடிந்து சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வருவோம், வீடு சீக்கிரம் வந்துவிடக் கூடாதென்று. காலாண்டு லீவில் அவன்தான் முதலில் சொன்னான்: "ஒரு நாள் உன்னைப் பாக்கலேன்னா என்னமோ மாதிரி இருக்குடா." எனக்கும் அப்படித்தான் இருந்தது, வெளியே சொல்லத்தான் தைரியமில்லை. லீவு முடிந்து ரெக்கார்டைத் திறந்தால், லென்ஸ் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் எங்கள் இரண்டு பேர் பெயரும். சார் கையெழுத்துக்கு வைப்பதற்கு முன்னால் அழித்துவிட்டேன். தாளைச் சாய்த்துப் பார்த்தால் இன்னும் தடம் தெரிகிறது.

பிரச்சினை வகுப்பில்தான். பசங்க என் நடையையும் பேச்சையும் வைத்துக் கிண்டல் செய்வார்கள், 'ஒம்போது' என்று கூப்பிடுவார்கள். அது எட்டாம் வகுப்பிலிருந்தே இருக்கிறது, கண்டுகொள்ள மாட்டேன். ஆனால் போன மாதம் அவனும் சேர்ந்து சிரித்தான் மேடம். இன்டர்வெலில் என் பக்கமே வருவதில்லை, கபடி டீம் பசங்களோடு போய்விடுகிறான். ராத்திரி ஆனால் "சாரிடா, சாப்டியா?" என்று மெசேஜ். மறுநாள் மறுபடியும் அதே சிரிப்பு.

இதற்கு நடுவில் அவன் அண்ணன் எங்கள் மெசேஜைப் பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. டவுனில் ஒரு லாட்ஜுக்கு மாதாமாதம் ஒரு வைத்தியர் வருகிறார், இதையெல்லாம் சரி செய்துவிடுவார், இரண்டு பேரும் போய்ப் பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டில் சொல்லிவிடுவேன் என்கிறார். அப்பா வெளிநாட்டில். அம்மா ஏன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று தினமும் கேட்கிறாள்.

எனக்கு இருப்பது நோயா? அவன் பாசம் நிஜமா, பொய்யா? அம்மாவிடம் சொல்லிவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத மாணவன்

•

தம்பி,

முதலில் அந்த லாட்ஜ் வைத்தியரை முடித்துவிடுவோம். போகாதே. அவனையும் போக விடாதே. உனக்கு இருப்பது நோயில்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் 2018-ல் இது மனநோய் இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று வைத்தியம் பார்ப்பது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்லிவிட்டது. அப்புறமும் இந்த லாட்ஜ் வியாபாரம் நடக்கிறதென்றால், அது பயந்த பிள்ளைகளையும் பதறிய பெற்றோரையும் நம்பித்தான். அண்ணனிடம் வாதாட வேண்டாம். "பார்த்தே ஆகணும்னா அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பார்க்கலாம்" என்று அவனைச் சொல்லச் சொல். அடிக்காமல் வழி தேடுகிற மனுஷன், தெரியாத்தனத்தில் தப்பான வழி காட்டுகிறார். நல்ல டாக்டர் ஒருவர் எடுத்துச் சொன்னால் கேட்கக்கூடியவராகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அவன் விஷயம். கடிதத்தில் நீ அதிகம் வலித்து எழுதியிருப்பது இதைத்தான். யாரோ ஒருவன் சிரித்தால் கண்டுகொள்ளாமல் இருக்க முடிகிற உன்னால், அவன் சிரித்ததைத் தாங்க முடியவில்லை.

அவன் பாசம் பொய்யாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உன்னைக் கூப்பிடுகிற பெயர் நாளைக்குத் தன் மேல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில், சிரிக்கிற கூட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறான். ஆண்கள் பள்ளியில் கபடி டீமில் இருக்கும் பையனுக்கு அந்தப் பயம் சின்னதில்லை. வீட்டில் அண்ணன் வேறு. ஆனால் தம்பி, காரணம் புரிகிறது என்பதற்காக நீ அதைத் தினமும் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. பகலில் ஏளனம், ராத்திரி "சாப்டியா". இது பழகிப்போனால் இனி எவர் உன்மேல் அன்பு வைத்தாலும் கொஞ்சம் அவமானமும் சேர்ந்துதான் வரும் என்று மனசு எடுத்துக்கொள்ளும். என்னிடம் முப்பது, நாற்பது வயதில் வருகிறவர்கள் பலரிடம் அந்தப் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். அதில் ஆண் பெண் காதல், மற்ற காதல் என்ற வித்தியாசமெல்லாம் இல்லை.

அதனால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிற நேரத்தில் அவனிடம் நேராகப் பேசு. மெசேஜில் வேண்டாம், அதை யார் யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிட்டதே. பெரிதாக எதுவும் கேட்காதே. எனக்காகப் பேசு, பக்கத்தில் வந்து உட்கார் என்றெல்லாம் இப்போது கேட்டால் மிரண்டுபோவான். "அவனுங்க என்னைச் சொல்லும்போது நீ சிரிக்காம இரு, அது போதும்" என்று மட்டும் சொல். அவ்வளவையும் செய்ய முடியவில்லை என்றால், ராத்திரி மெசேஜுக்கும் கொஞ்ச நாள் பதில் போடாமல் இரு. கோபத்தில் இல்லை, காரணத்தைச் சொல்லிவிட்டே இரு. கஷ்டமாகத்தான் இருக்கும். கெமிஸ்ட்ரி சொல்லித் தருவதை மட்டும் நிறுத்தாதே என்று சொல்லத் தோன்றுகிறது, பப்ளிக் எக்ஸாம் வருகிறது. அது உன் இஷ்டம்.

கிண்டலைத் தனியாகப் பார். அந்தச் சொல் உன்னை மட்டுமில்லாமல் திருநங்கைகளையும் இழிவுபடுத்துகிற சொல். அதைப் பற்றி வகுப்பாசிரியரிடமோ தலைமையாசிரியரிடமோ புகார் சொல்ல, நீ யாரை விரும்புகிறாய் என்று ஒரு வார்த்தையும் சொல்லத் தேவையில்லை. "என்னைக் கெட்ட பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள், படிக்க முடியவில்லை" என்றால் போதும். பள்ளியில் கேட்காவிட்டால் கல்வித்துறையின் உதவி எண் 14417 இருக்கிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் இன்றைக்கே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அண்ணன் முந்திக்கொண்டு சொன்னால் அவர் சொல்கிற விதத்தில்தான் அம்மாவுக்குப் போய்ச் சேரும். அதனால் பாதியையாவது நீ முதலில் சொல்லிவிடு: பள்ளியில் கிண்டல் செய்கிறார்கள், மனசு சரியில்லை, அதனால்தான் சாப்பாடு இறங்கவில்லை என்று. அதுவும் உண்மைதானே. அம்மா அதை எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்று பார்த்தால், மீதியை எப்போது சொல்லலாம் என்று உனக்கே பிடிபடும். சொன்னால் அடி விழும், வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் சொல்லாதே. உன் காலில் நிற்கிறவரை காத்திருப்பது கோழைத்தனமில்லை.

சொன்ன பிறகு அம்மா அழலாம், சாமிக்கு நேர்ந்துகொள்ளலாம். மனசு விட்டுவிடாதே. 2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், சேர்ந்து வாழப் பாதுகாப்பு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்குச் சரியாகத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு, தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் அந்த ஜூன் மாதம், இப்படி 'மாற்ற' முயல்வதற்கே தடை போட்டு உத்தரவிட்டார். படித்த நீதிபதிக்கே அவகாசம் வேண்டியிருந்தது. அம்மாவுக்கும் கொஞ்சம் கொடு.

இன்னும் ஒன்று. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமில்லை என்று சொன்னது வயது வந்தவர்களுக்கு. 18 வரை சட்டத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் குழந்தைகள். எதற்கும் அவசரப்படாதீர்கள், போனில் படம் எதுவும் அனுப்பிக்கொள்ளாதீர்கள். வயதைக் கூட்டிப் போட்டு எந்த ஆப்பிலும் நுழையாதே. அங்கே உன் தனிமையை மோப்பம் பிடித்துக் காத்திருக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள்.

அண்ணன் மிரட்டல் முற்றினால் 1098-ஐக் கூப்பிடு, குழந்தைகளுக்கான உதவி எண். ராத்திரி எந்நேரமாக இருந்தாலும், சாப்பிடவோ தூங்கவோ முடியவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416-க்கு அழை. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். அவனிடம் பேசியபின் என்ன சொன்னான் என்று எனக்கு எழுது.