மூலைக்காரரின் செல்வாக்கு

கேள்வி: என் பேரன் பார்க்கும் குழந்தைகள் சேனல்கள் சின்னத்தையும் நிறத்தையும் ஏன் இப்படி அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கின்றன? மூலையில் கிடக்கும் ஒரு சிறு படத்துக்கு இத்தனை பாடு எதற்கு?
— ஒரு வாசகி, வேலந்தாவளம்

பதில்: மூலையில் 'கிடக்கும்' என்று எழுதிவிட்டீர்களே அம்மா! கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் மூலைக் கடைக்கு என்ன வாடகை கேட்கிறார்கள் என்று ஒரு நடை விசாரித்துப் பாருங்கள். இந்தப் பத்திரிகையின் அலுவலகம் ஏன் சந்துக்குள் இருக்கிறது என்பதும் கூடவே விளங்கும். தொலைக்காட்சியிலும் அப்படித்தான்: நிகழ்ச்சி முடிந்து அடுத்தது வரும், மூலைக்காரர் மட்டும் அசையமாட்டார்.

தமிழ்நாடும் கேரளமும் தொட்டுக்கொள்ளும் நம் எல்லைப் பகுதியில் அவருக்குக் கூடுதல் பொறுப்பும் உண்டு. 2007-இல் தொடங்கிய சுட்டி டிவியிலும் 2011-இல் தொடங்கிய கொச்சு டிவியிலும் ஒரே டோராதான் முதுகுப்பையோடு புறப்பட்டாள். முன்னதில் தமிழ் பேசினாள், பின்னதில் மலையாளம் பேசினாள். எழுத்துக் கூட்டத் தெரியாத நான்கு வயதுப் பெண் ஒருத்தி, திரையின் நடுவில் ஓடும் டோராவை ஏறெடுத்தும் பாராமல், மூலையை மட்டும் பார்த்து, "இது அச்சம்மா டிவி" என்று (அச்சம்மா என்றால் மலையாளத்தில் அப்பாவின் அம்மா) தீர்ப்புச் சொல்லி, அம்மாச்சியின் மொழியான தமிழுக்கு ரிமோட்டைத் திருப்பியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இந்த இரண்டும் தனித்தனிச் சேனல்கள். கார்ட்டூன் நெட்வொர்க், போகோ போன்றவை அப்படியல்ல. நாடு முழுவதற்கும் ஒரே படத்தை அனுப்பி, ஒலியை மட்டும் மொழிவாரியாகப் பிரித்துத் தருபவை. ஆகவே அவற்றில் தமிழ் காதுக்கு மட்டுமே கிடைக்கும், கண்ணுக்குக் கிடைக்காது என்று இந்தப் பக்கத்தில் நான் பலமுறை புலம்பியிருக்கிறேன், இன்னும் புலம்புவேன். எந்த மொழியின் எழுத்தும் எல்லோருக்கும் பொதுவாகாத இடத்தில் நிறம், வடிவம், நான்கு ஸ்வர மெட்டு ஆகியவையே பெயர்ப்பலகையாகின்றன. டிஸ்னி சேனலில் நிகழ்ச்சிகளுக்கு நடுவே வரும் இடைத்துண்டுகளில் ஒரு சிறுவனோ சிறுமியோ ஒளிரும் கோலால் காற்றில் மிக்கியின் தலையையும் இரு காதுகளையும் வரைவதைக் கண்ட நம் பிள்ளைகள், தீபாவளிக்கும் விஷுவுக்கும் கம்பி மத்தாப்பை வைத்துக்கொண்டு அதையே வரைந்தார்கள். அதற்கு எந்த மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படவில்லை.

கார்ட்டூன் நெட்வொர்க் 1992-இல் அமெரிக்காவில் தொடங்கியபோது, பெயரின் 14 ஆங்கில எழுத்துகளும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் கட்டத்துக்கு ஒன்றாக அமர்ந்திருந்தன. 2004-இல் 12 எழுத்துகளுக்கு ஓய்வு கொடுத்து, இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வெவ்வேறு தொடர்களின் பாத்திரங்கள் ஒரே நகரத்தில் அக்கம்பக்கமாகக் குடியிருப்பதாகக் காட்டிய அந்தக் காலத்து இடைத்துண்டுகள், பல தொடர்களை விடவும் எனக்குப் பிடித்தவை.

உங்கள் 'ஏன்' என்பதற்கு வருகிறேன். பிள்ளைக்குச் சின்னம் அலுத்துப்போகிறது என்பதை நான் ஏற்கமாட்டேன். அலுப்பதற்குள் அவன் வளர்ந்து கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறான். மாற்றம் பெரும்பாலும் முதலாளிகளின் கணக்கில் பிறக்கிறது. இந்தியாவில் டிஸ்னி எக்ஸ்டி என்று இருந்த சேனல் 2019-இல் மார்வெல் எச்கியூ ஆனது, 2022-இல் சூப்பர் ஹங்காமா ஆனது. ஐந்து வயதில் ஒரு பெயரைப் பழகிய பிள்ளை ஒன்பது வயதுக்குள் மூன்றாவது பெயரைக் கற்க வேண்டியிருந்தது என்றால், அது அவன் கேட்டுக்கொண்டதா?

எல்லாவற்றிலும் எனக்குச் சுவையான கதை நிக்கலோடியனுடையது. 1984-இல் அந்தச் சேனல் ஆரஞ்சு நிறத்தை நிலையாக வைத்துக்கொண்டு வடிவத்தை மட்டும் சிதறவிட்டது. சிந்திய சாயமாகவும் எலும்பாகவும் பலூனாகவும் அது வேடம் கட்டியபோதும், நிறத்தைக் கொண்டே குழந்தை ஆளைக் கண்டுகொண்டது. 2009-இல் தன் கிளைச் சேனல்களையெல்லாம் ஒரே தோற்றத்துக்குள் கொண்டுவர விரும்பி, அந்தச் சிதறலைத் துடைத்துவிட்டு, ஒழுங்கான ஆங்கிலச் சிற்றெழுத்துகளுக்கு மாறியது. 2023-இல் சிதறலை மறுபடியும் அழைத்துவந்தது. பழைய சிதறலைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது சந்தா கட்டும் பெற்றோர்களாகிவிட்டார்கள் என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நம் பத்திரிகையின் தலைப்பெழுத்தை நவீனமாக்கச் சொல்லி ஆண்டு தவறாமல் கடிதம் எழுதும் கொல்லங்கோட்டு அன்பர் இந்த 14 ஆண்டுச் சுற்றுப்பயணத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர அவர்களிடம் பணம் இருந்தது. நம்மிடம் அச்சுக்கூலியே பாக்கி.