மாநாட்டுக்குக் கிளம்பும் முன் மூன்று கணக்கு நோட்டுகளைப் படம் எடுங்கள்

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பெங்களூருவில் நடக்கவிருக்கும் கல்வித் தொழில்நுட்ப மாநாட்டுக்கும் கண்காட்சிக்கும் பதிவு செய்திருக்கிறேன். இரண்டு நாள் நிகழ்ச்சி. இப்படி ஒன்றுக்குப் போவது இதுதான் முதல் முறை. எதைப் பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது, என்ன எடுத்துக்கொண்டு போவது? ஆங்கிலம் சரளமாக வராது என்பதால் தயக்கமும் இருக்கிறது.

பதில்: முதலில் அனுமதியை முடித்துவிடுங்கள். தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பதிவை உறுதி செய்த மின்னஞ்சலையும் நிகழ்ச்சி நிரலையும் அதோடு இணையுங்கள். ஓ.டி. (பணி நிமித்தமாக வெளியே செல்லும்) ஆணை கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடுத்தால் போதும். “போயிட்டு வாங்க டீச்சர், பாத்துக்கலாம்” என்ற வாய்மொழியை நம்பிக் கிளம்பினால் கடைசியில் அது சி.எல். (தற்செயல் விடுப்பு) கணக்கில்தான் போய் நிற்கும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்த மாதிரிக் கண்காட்சிக்குப் போகும் ஆசிரியர்களில் பலர் வெறுங்கையோடு உள்ளே போய், பை நிறையத் துண்டறிக்கைகளோடு வெளியே வருகிறார்கள். எல்லா அரங்கிலும் திரை மின்னும், எல்லாமே நமக்குத் தேவை என்று தோன்றும். உங்கள் வகுப்பின் சிக்கல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நுழைந்தால் இந்தக் குழப்பம் பாதி குறையும். ஒன்றே ஒன்று போதும்.

நீங்கள் கணக்கு ஆசிரியை என்பதால் பின்னத்தையே எடுத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பில் 1/3 + 1/4 போடச் சொன்னால் 2/7 என்று எழுதும் பிள்ளைகள் உங்களிடமும் இருப்பார்கள். இன்னொரு பிள்ளை மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) 12 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, மேலே உள்ள எண்களை மாற்றாமல் 2/12 என்று முடித்திருக்கும். மூன்றாவது பிள்ளை கட்டம் போட்டு நிழலிட்டுச் சரியாகவே காட்டியிருக்கும், எண்ணில் எழுதும்போது தடுமாறியிருக்கும். மூன்றும் தவறான விடைதான். ஆனால் மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று விதமாகச் சொல்லித் தர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மூன்று பக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், பிள்ளையின் முகம், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) எதுவும் தெரியக் கூடாது.

அரங்கில் இருப்பவர் தன் செயலியை இயக்கிக் காட்டும்போது எப்போதும் சரியான விடையைத்தான் தட்டுவார். நீங்கள் கருவியைக் கையில் வாங்கி 2/7 என்று தட்டுங்கள். “தவறு, மீண்டும் முயற்சி செய்” என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்கு ஓடுகிறதா? தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிவிட்டாய் என்று கண்டுபிடித்து, அதற்கேற்ற பாடத்துக்குக் கூட்டிப்போகிறதா? பிறகு 2/12 என்று தட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தச் செயலிக்குப் பிள்ளையின் தவறு புரியவில்லை. அரை மணி நேரம் விளக்கவுரை கேட்டாலும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

அடுத்தது ஆதாரம். “இதைப் பயன்படுத்திய பள்ளிகளில் மதிப்பெண் இவ்வளவு உயர்ந்தது” என்ற வரி எல்லாத் துண்டறிக்கையிலும் இருக்கும். யார் ஆய்வு செய்தார்கள், எந்த மாதிரிப் பிள்ளைகளிடம், எத்தனை மாதம், ஒப்பிட்டுப் பார்க்க அதைப் பயன்படுத்தாத குழு இருந்ததா என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்பவர்கள்தான் மிகக் குறைவு. கல்வித் தொழில்நுட்பம் பற்றி யுனெஸ்கோ 2023-ல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையில் ஒரு தகவல் வருகிறது: அமெரிக்காவின் 17 மாநிலங்களில் ஆசிரியர்களையும் நிர்வாகிகளையும் விசாரித்தபோது, ஒரு தொழில்நுட்பத்தை ஏற்கும் முன் துறை வல்லுநர்கள் சரிபார்த்த ஆய்வைக் கேட்டவர்கள் 11 சதவீதம் பேர்தான்.

நல்ல ஆதாரம் எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடந்த பள்ளி நேரத்துக்குப் பிந்தைய மையங்களில், குலுக்கல் முறையில் சில பிள்ளைகளுக்கு இலவச இடம் கொடுத்து, இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் மூவரும் செய்த இந்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் இருந்தது. காரணத்தையும் கவனியுங்கள். அந்தப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பைவிடப் பல வகுப்புகள் பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் அவர்கள் நிஜமாக நிற்கும் இடத்திலிருந்து தொடங்கியது. கூடவே சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லித்தர ஓர் ஆளும் இருந்தார். இதற்கு மாறாக, தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 319 தொடக்கப் பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வில், பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்து 15 மாதம் கழித்துப் பார்த்தபோது கணக்கிலும் மொழியிலும் மாற்றம் தெரியவில்லை. அதனால் கருவி என்ன என்பதோடு, அதை வைத்துப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்றும் கேளுங்கள்.

உங்கள் பள்ளியின் நிலவரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை கணினி ஓடுகிறது, ஸ்மார்ட் போர்டு உண்டா, இணையம் எப்போது படுத்துக்கொள்கிறது, மின்சாரம் எந்நேரம் போகிறது, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள். செயலியைக் காட்டும்போது இணையத்தைத் துண்டித்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்ப் பாடம் இருக்கிறது என்றால் தமிழில் ஓர் அலகைத் திறக்கச் சொல்லி, நம் பாடநூல் கலைச்சொற்கள்தான் வருகின்றனவா என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டு எவ்வளவு கட்டணம் என்றும் கேளுங்கள். முதல் ஆண்டு இலவசம் என்பது அங்கே சகஜம். அப்புறம், அரசின் இலவசக் கற்றல் தளங்களான மணற்கேணியிலும் திக்ஷாவிலும் உங்கள் பாடத்துக்கு ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். இலவசமாகக் கையில் இருப்பதையே வேறு உறையில் போட்டு விற்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சோதித்துப் பார்க்கத்தானே என்று பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையோ பெற்றோரின் கைபேசி எண்களையோ யாருக்கும் தராதீர்கள். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்களுடைய தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பள்ளியின் சார்பில் எதிலும் கையெழுத்துப் போடவும் வேண்டாம். உங்கள் எண்ணைக் கேட்டால் இதற்கென்றே ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கி அதைக் கொடுங்கள்.

அமர்வுகளில் ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும். பெரிய மேடையில் பெரிய மனிதர்கள் பேசுவதைவிட, தன் வகுப்பில் செய்து பார்த்ததை ஓர் ஆசிரியர் சின்ன அறையில் சொல்லும் அமர்வைத் தேடிப் போங்கள். முடிந்ததும் அவரிடம் “எது சரியாக வரவில்லை?” என்று கேளுங்கள். மேடையில் சொல்லாததை ஆசிரியர்கள் சக ஆசிரியரிடம் மனம்விட்டுச் சொல்வார்கள்.

ஆங்கிலத்துக்காகத் தயங்கவே வேண்டாம். நான்கு கேள்விகளை வீட்டிலேயே ஆங்கிலத்தில் எழுதி எடுத்துப்போங்கள். அரங்கில் “தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். பெங்களூருவில் ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. உரைகளின்போது கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் போன்ற செயலி பேச்சை உடனுக்குடன் எழுத்தாகக் காட்டும். காதில் தவறவிட்டதைக் கண்ணால் பிடித்துக்கொள்ளலாம்.

இடம் துமகூரு சாலையில் உள்ள சர்வதேசக் கண்காட்சி மையம் என்றால் மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தட மெட்ரோவில் ஏறுங்கள். 2024 நவம்பரிலிருந்து ரயில் நேராக மாதாவரா வரை போகிறது. காலுக்குப் பழகிய செருப்பு, பவர் பேங்க், தண்ணீர் பாட்டில், பள்ளி அடையாள அட்டை இருந்தால் போதும். நாள் முழுக்க நடக்க வேண்டியிருக்கும், புதுச் செருப்பு வேண்டாம்.

அன்றிரவு அறைக்கு வந்ததும் தூங்கும் முன் பார்த்ததை எழுதிவிடுங்கள். மறுநாள் எல்லா அரங்கும் ஒன்றாகக் கலந்துவிடும். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரே ஒரு கருவியை, ஒரே வகுப்பில், இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். தொடங்கும் முன் ஐந்து பின்னக் கணக்குகளைத் தாளில் போடச் சொல்லி வாங்கி வையுங்கள், முடிந்ததும் அதே மாதிரி ஐந்து கொடுங்கள். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு, அந்த இரண்டு தாள்களையும் சக ஆசிரியர்களிடம் காட்டுங்கள். மாநாட்டில் கலந்துகொண்டதற்கான சான்றை மட்டும் மறக்காமல் இரண்டாம் நாள் மாலைக்குள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓ.டி. ஆணையோடு அதையும் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டியிருக்கும்.