ஒரு மாலையில் 54 நாடுகள்

ஐயா, வணக்கம்.

லண்டனில் முதுகலை படிக்கிறேன். போன வாரம் எங்கள் பல்கலைக்கழக ஆப்பிரிக்க மாணவர் சங்கத்தின் விழாவுக்குப் போயிருந்தேன். கொடிகள், முரசு, ஆட்டம், தக்காளி போட்டுச் சமைக்கிற ஜோலோஃப் சோறு. அந்தச் சோறு கானாவுடையதா நைஜீரியாவுடையதா என்று மேடையிலேயே செல்லச் சண்டை வேறு. நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் 54 நாடுகளை உடையும் உணவுமாகச் சுருக்கிவிட்டார்களே என்று பட்டது. இப்படிப்பட்ட சங்கங்களால் பயன் உண்டா?

ஒரு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

நிச்சயம் உண்டு. நீங்கள் இருக்கும் ஊரிலேயே அதற்கு நூறாண்டுக் கதை இருக்கிறது.

1924இல் வெம்ப்ளியில் பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சி நடந்தது. மேற்கு ஆப்பிரிக்க ஊர் மாதிரி ஒன்றைக் கட்டி, அங்கிருந்து மனிதர்களையும் வரவழைத்து வேடிக்கை பார்க்க வைத்திருந்தார்கள். நைஜீரியாவில் அண்மைக்காலம் வரை நரமாமிசம் தின்றார்கள் என்கிற ரீதியில் ஒரு லண்டன் நாளிதழ் எழுதியது. சட்டம் படிக்க வந்திருந்த லடிப்போ சோலங்கே என்ற நைஜீரிய இளைஞருக்கு, யொரூபா இனத்தவர் அவர், மனம் பொறுக்கவில்லை. கண்டித்து இன்னொரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு வானொலியில் யொரூபா மொழியிலேயே பேசினார்.

முதலில் அவர் தொடங்கியது நைஜீரியர்களுக்கான சங்கம். அடுத்த ஆண்டே, சியரா லியோன் மருத்துவர் ஹெர்பர்ட் பாங்கோலே-பிரைட்டின் தூண்டுதலோடு, அக்கம்பக்கத்து நாட்டு மாணவர்களையும் சேர்த்து மேற்கு ஆப்பிரிக்க மாணவர் சங்கம் பிறந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'வாசு' என்பார்கள். நமக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயர் மாதிரி இருக்கிறது, இல்லையா? 1926இல் அதே பெயரில் இதழும் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய விடுதியின் கதை. கறுப்பின மாணவர்களுக்கு அறை தர லண்டன் வீட்டுக்காரர்கள் பலர் மறுத்த காலம் அது. சோலங்கே 1929இல் கப்பலேறி, மூன்று ஆண்டுகள் மேற்கு ஆப்பிரிக்கா முழுக்க அலைந்து பணம் திரட்டினார். 1933இல் லண்டனின் கேம்டன் பகுதியில் விடுதி திறந்தது. படுக்க இடம், ஊர்ச் சாப்பாடு, விடிய விடிய அரசியல். மறு ஆண்டே அரசாங்க ஆதரவோடு வேறொரு விடுதி வந்தபோது, 'எங்களைக் கண்காணிக்கத்தானே இது' என்று எதிர்த்தார்கள். 1940களில் இந்தச் சங்கத்தில் துணைத்தலைவராக இருந்த குவாமே இன்குருமா 1957இல் சுதந்திர கானாவின் தலைவரானார்.

வெம்ப்ளியிலும் முரசு ஒலித்திருக்கும், ஆட்டம் இருந்திருக்கும். எதைக் காட்டுவது, எப்படிச் சொல்வது என்று முடிவு செய்தவர்கள் வேறு. நீங்கள் பார்த்த மேடையில் அந்த முடிவு அந்தப் பிள்ளைகளுடையது. எனக்கு இது பெரிய விஷயம்.

உங்கள் குறையிலும் நியாயம் இருக்கிறது. நைஜீரியாவில் மட்டுமே 500க்கும் மேற்பட்ட மொழிகள். ஒரு மாலைக்குள் எப்படி அடங்கும்? ஆனால் அந்தச் சோற்றுச் சண்டையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 'ஆப்பிரிக்கச் சாப்பாடு' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போக அவர்கள் விடவில்லை, பார்த்தீர்களா? ஜோலோஃப் என்ற பெயரே செனகல் பக்கத்து வோலோஃப் மக்களிடமிருந்து வந்தது. ஜோலோஃபுக்கு மூலம் என்று சொல்லப்படுகிற அவர்களுடைய மீன்சோற்றை 2021இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அடுத்த தடவை போகும்போது, பரிமாறுகிறவரிடம் எந்த ஊர், வீட்டில் என்ன மொழி என்று கேளுங்கள். அப்புறம், செனகல்காரர் யாராவது இருந்தால் அந்தச் சண்டையில் அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.