வரம்பைத் தாண்டியதும் மாதிரியையே மாற்றினால், அது செல்லுமா?

கேள்வி: அமெரிக்காவில் மலைகள் சூழ்ந்த ஒரு சிறிய ஊரில் குடும்பத்தோடு இருக்கிறோம். பக்கத்து ஆலையின் விரிவாக்கத்துக்கு மாநிலச் சுற்றுச்சூழல் துறை வரைவு அனுமதி வெளியிட்டிருக்கிறது. புகை எப்படிப் பரவும் என்று கணினியில் கணக்கிடும் வழக்கமான ‘ஏர்மாட்’ மாதிரியில் பார்த்தபோது கந்தக டை ஆக்சைடு வரம்பைத் தாண்டியது, ‘மாற்று மாதிரி’யில் வரம்புக்குள் வந்தது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். இப்படி மாற்றிக்கொள்ள சட்டம் விடுகிறதா? நான் ஹெச்-1பி விசாவில் இருப்பவன். ஆட்சேபம் சொல்ல எனக்கு உரிமை உண்டா? ஆலை நிர்வாகம் எங்களைக் கூட்டத்துக்கு அழைக்கிறது. போகலாமா?

பதில்: முதலில் விசா பற்றிய பயத்தை விடுங்கள். பி.எஸ்.டி. (காற்றின் தரம் கணிசமாகக் கெடாமல் தடுப்பது) எனப்படும் இந்த வகை அனுமதியில் கருத்துச் சொல்லும் உரிமை பொதுமக்களுக்கு உரியது. குடியுரிமையோ கிரீன் கார்டோ யாரும் கேட்க முடியாது. அங்கே மூச்சு விடுகிறவர் நீங்கள், அது போதும்.

மாதிரியை மாற்றுவது சட்டவிரோதம் அல்ல. ஆனால் தராசை மாற்றும் அதிகாரம் எடை போட வந்தவரிடம் இல்லை. எந்த மாதிரியைப் பயன்படுத்த வேண்டும் என்பதை மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (ஈ.பி.ஏ.) விதிமுறையாகவே வெளியிட்டிருக்கிறது. கூட்டாட்சி விதித்தொகுப்பின் 40ஆம் தலைப்பில், 51ஆம் பகுதியின் ‘டபிள்யூ’ இணைப்பு அது. ஆலைப் புகைக்கு அதில் விரும்பத்தக்க மாதிரியாக 2005 முதல் இருப்பது ஏர்மாட். வேறொன்றைப் பயன்படுத்த வேண்டுமானால் ஈ.பி.ஏ.வின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். அதோடு, அந்த மாற்றத்தைப் பொதுமக்களுக்கு அறிவித்து அதன்மீது கருத்தும் கேட்க வேண்டும். அனுமதியை மாநிலத் துறையே வழங்கும் இடங்களிலும் இதே நிபந்தனைதான். மாநில அதிகாரி ‘சரி, பரவாயில்லை’ என்று தொலைபேசியில் சொன்னதெல்லாம் ஒப்புதல் ஆகாது.

ஒப்புதல் தருவது உங்கள் பகுதிக்கான ஈ.பி.ஏ. மண்டல அலுவலகம். அதுவும் தனியாக முடிவெடுத்துவிட முடியாது. மாடல் கிளியரிங்ஹவுஸ் என்று ஈ.பி.ஏ.வுக்குள்ளேயே ஒரு பிரிவு இருக்கிறது. மண்டலத்துக்கு மண்டலம் ஒவ்வொரு நியாயம் பேசாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அந்தப் பிரிவு இசைந்தாக வேண்டும் என்பதை 2017 திருத்தம் விதியிலேயே எழுதிவிட்டது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் இரண்டு காகிதங்கள் இவைதான்: மண்டல அலுவலகத்தின் ஒப்புதல் கடிதம், கிளியரிங்ஹவுஸின் இசைவுக் குறிப்பு. இரண்டில் ஒன்று கோப்பில் இல்லையென்றாலும் உங்கள் ஆட்சேபத்தின் முதல் பத்தி அதுவாகத்தான் இருக்க வேண்டும். மக்கள் பெரும்பாலும் நேராக அறிவியல் வாதத்தில் இறங்கிவிடுகிறார்கள். காகிதம் இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம்.

ஒப்புதல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் அது எந்த வழியில் தரப்பட்டது என்று பாருங்கள். இணைப்பின் 3.2.2 பிரிவு மூன்று வழிகளைச் சொல்கிறது. மாற்று மாதிரி தரும் உச்ச அளவுகள் ஏர்மாட் தரும் அளவுகளோடு 2 சதவீதத்துக்குள் ஒத்துப்போவது ஒரு வழி. உங்கள் விஷயத்தில் ஒன்று தாண்டுகிறது, மற்றது தாண்டவில்லை என்கிறார்கள். விளிம்பில் நிற்கும் எண்ணாக இருந்தால் ஒழிய இந்த வழி அடைபட்டுவிட்டது.

இரண்டாவது வழி, உண்மையில் அளந்த காற்றுத் தரவோடு இரண்டு மாதிரிகளையும் ஒப்பிட்டு, இந்தக் குறிப்பிட்ட ஆலைக்கு மாற்று மாதிரியே மேல் என்று புள்ளியியல்படி காட்டுவது. இங்கேதான் நீங்கள் நிதானமாக உட்கார்ந்து படிக்க வேண்டும். கந்தக டை ஆக்சைடுக்கான ஒரு மணி நேர வரம்பு 75 பி.பி.பி. (நூறு கோடியில் 75 பங்கு). இது 2010இல் வந்தது. ஒரு நாளின் மிக மோசமான மணி நேரத்தைப் பிடித்துத்தான் இதைக் கணக்கிடுகிறார்கள். ஆகவே, ஆண்டுச் சராசரியை அழகாகச் சொல்லிவிட்டு உச்சங்களைக் குறைத்துக் காட்டும் மாதிரியால் பயனில்லை. பள்ளத்தாக்கில் காற்று அசையாத இரவுகளிலும் விடியற்காலையிலும் என்ன ஆகிறது என்பதே கேள்வி. அளவைக் கருவிகளை எங்கே வைத்தார்கள்? ஏர்மாட் உச்சத்தைக் காட்டிய மலைச்சரிவிலா, கார் போகிற சாலையோரத்திலா? எத்தனை மாதத் தரவு, அதில் ஆலை முழு அளவில் ஓடியதா? எந்த மணி நேரங்களைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள், ஏன்? இந்தக் கேள்விகளுக்கு ஆவணத்தில் பதில் இல்லையென்றால், அதையே எழுதுங்கள்.

மூன்றாவது வழி, இந்த வேலைக்கென்று விரும்பத்தக்க மாதிரி ஒன்று இல்லவே இல்லை என்பது. அதற்கும் ஐந்து நிபந்தனைகள் இருக்கின்றன. துறை அறிஞர்கள் மதிப்பாய்வு செய்திருக்க வேண்டும், கோட்பாட்டளவில் பிரச்சினைக்குப் பொருந்த வேண்டும், போதுமான தரவு இருக்க வேண்டும், தவறான பக்கம் சாயவில்லை என்று சோதித்துக் காட்டியிருக்க வேண்டும், செய்முறைத் திட்டம் ஒன்றும் வகுத்திருக்க வேண்டும். அந்தத் திட்டத்தின் தேதியைக் கவனியுங்கள். முடிவு தெரிந்த பிறகு எழுதிய திட்டத்துக்கு மதிப்புக் குறைவு.

ஒரு நுணுக்கம். சில சமயம் ‘மாற்று மாதிரி’ என்பது வேறு மென்பொருளே அல்ல. அதே ஏர்மாட், உள்ளே ஒரு தெரிவை மட்டும் மாற்றியிருப்பார்கள். உள்ளீட்டுக் கோப்பின் தொடக்கப் பகுதியில் ‘மாடல்ஆப்ட்’ என்று ஒரு வரி வரும். அதில் ‘பீட்டா’ என்ற சொல் இருந்தால், அது இன்னும் ஒழுங்குமுறைப் பயன்பாட்டுக்கு ஏற்கப்படாத தெரிவு. மேலே சொன்ன ஒப்புதல் அதற்கும் வேண்டும். ‘ஆல்ஃபா’ என்றால் இன்னும் ஆராய்ச்சி நிலையில் இருப்பது. அறிக்கையின் அச்சுப் பக்கங்களில் இது எளிதில் கண்ணில் படாது. அதனால் உள்ளீட்டுக் கோப்புகளையே கேட்டு வாங்குங்கள்.

ஆலையின் பக்கமும் சொல்லிவிட வேண்டும். ஏர்மாட் எல்லா இடத்திலும் சரியாகச் சொல்லும் என்று யாரும் வாதிடுவதில்லை. மிக மெல்லிய காற்றில் அது அளவைக் கூட்டிக் காட்டுகிறது என்ற புகார் நெடுநாள் இருந்தது. அதற்கான திருத்தத்தை 2017இல் ஈ.பி.ஏ.வே ஏற்றுக்கொண்டது. கடல்பரப்பின் மேல் வீசும் காற்றுக்கான கணக்கு முறை முதலில் மாற்று வழியாக ஒப்புதல் பெற்று, பிறகு 2024 திருத்தத்தில் ஏர்மாடுக்குள்ளேயே இடம்பிடித்தது. ஆக, மாற்று மாதிரி என்றாலே மோசடி என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வரி உங்கள் நல்ல வாதங்களையும் பலவீனமாக்கும்.

இப்போது காலக்கெடு. கருத்துச் சொல்ல பொதுவாகக் குறைந்தது 30 நாட்கள் தருவார்கள். கடைசித் தேதி அறிவிப்பிலேயே இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தால் அந்த நாட்கள் போய்விடும். துறையின் கோப்பு அதிகாரிக்கு இன்றே எழுதி ஆவணங்களைக் கேளுங்கள். கையோடு அவகாச நீட்டிப்பும் பொது விசாரணையும் கேளுங்கள். இதைவிட முக்கியமானது, இப்போது எழுப்பாத வாதத்தைப் பின்னால் மேல்முறையீட்டில் எழுப்ப முடியாமல் போகலாம். அனுமதியை ஈ.பி.ஏ.வோ, அதன் பெயரால் மாநிலமோ வழங்கினால், ஈ.பி.ஏ.வின் சுற்றுச்சூழல் மேல்முறையீட்டு வாரியத்துக்கு 30 நாட்களுக்குள் போக வேண்டும். மாநிலம் தன் சொந்தத் திட்டத்தின் கீழ் வழங்கினால் வழி மாநிலச் சட்டப்படிதான். கெடு அங்கே இன்னும் குறைவாகவும் இருக்கலாம். உங்களுடையது எந்த வகை என்பது வரைவு அனுமதியின் முதல் பக்கங்களில் தெரியும். அதை வைத்து உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். கையில் பணம் குறைவாக இருந்தால், அக்கம்பக்கத்தார் சேர்ந்து காற்றுத்தர மாதிரி தெரிந்த நிபுணர் ஒருவரை அமர்த்தி, அந்தத் தரவு ஒப்பீட்டை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். அவர் எழுதித் தரும் சில பக்கங்கள் நூறு கையெழுத்து மனுவைவிட வலுவானவை.

கூட்டத்துக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் அங்கே பேசியது அதிகாரபூர்வக் கோப்பில் ஏறாது. ஆகவே அங்கே சொன்னதையெல்லாம் துறைக்கு எழுத்திலும் அனுப்புங்கள். வருகைப் பதிவு தவிர எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அந்த இரண்டு காகிதங்களையும் உள்ளீட்டுக் கோப்புகளையும் நிர்வாகத்திடமும் கேளுங்கள். தர மறுத்தால், யார், என்றைக்கு மறுத்தார் என்று குறித்துவைத்து அதையும் ஆட்சேபக் கடிதத்தில் சேருங்கள்.