பதில்: தம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார், மருத்துவமனைக்கும் வர மறுக்கிறார்

குளோசபின் (மனச்சிதைவு நோய்க்கான மாத்திரை) நிறுத்தி ஐந்து நாள் என்கிறீர்கள். பழைய அளவில் மறுபடி கொடுத்துவிடாதீர்கள். 48 மணி நேரம் தாண்டினால் மருத்துவர் 12.5 மில்லிகிராமிலிருந்துதான் ஏற்றுவார். இல்லையென்றால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கலாம், வலிப்பும் வரலாம். சோற்றில் கலப்பதும் வேண்டாம். கண்டுபிடித்துவிட்டால் சாப்பாட்டையே சந்தேகப்படுவார்.

அவர் வராவிட்டால் என்ன, பழைய சீட்டோடு நீங்கள் போங்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று முதலில் விசாரியுங்கள். தூக்கமும் பேச்சும் என்றிலிருந்து மாறின என்று தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். அதுவரை அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ், 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

கை ஓங்கும் அளவுக்குப் போனால், 2017 மனநலச் சட்டம் 89ஆம் பிரிவில் அவருடைய நியமனப் பிரதிநிதி (சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பில் செயல்படுபவர்) விண்ணப்பித்து 30 நாள் வரை மருத்துவமனையில் சேர்க்க வழியுண்டு. மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும்.